தேர்தல் ஆணையத்தின் இணைய வேட்புமனு: ஜெராக்ஸ் கடையிலிருந்து ஒரு மதிப்புரை

2021 மார்ச் 15, திங்கட்கிழமை. ஷட்டரை முக்கால்வாசி தூக்குவதற்குள் அண்ணாச்சி வந்து நின்றுவிட்டார். கையில் மஞ்சள் பை. பைக்குள் ஆதார், பான் கார்டு, பாஸ்புக், தீர்வை ரசீது, வாக்காளர் பட்டியலில் அவர் பெயர் இருக்கும் பக்கத்தின் நகல். முகக்கவசத்தைக் கீழே இறக்கிவிட்டு, “தாயி, இந்தத் தடவை எல்லாம் ஆன்லைன்லயே முடிஞ்சிருமாம்லா?” என்றார். முதலில் மாஸ்க்கை மேலே ஏற்றச் சொன்னேன். அப்புறம், “முடியாது அண்ணாச்சி, ஆனா பாதி வேலை முடியும்” என்றேன்.

அன்றைக்குச் சொன்ன அந்தப் பதில்தான் இந்த மதிப்புரை முழுக்க நான் சொல்லப்போவதும். எது அந்தப் பாதி, எது முடியாமல் நின்ற மீதிப் பாதி என்பதை விவரமாகச் சொல்ல வேண்டும்.

2006 முதல் தாலுகா அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ், டிடிபி, ஆன்லைன் விண்ணப்பக் கடை வைத்திருக்கிறேன். தாமிரபரணிப் பக்கம், ஊர்ப் பெயர் வேண்டாம். 2006, 2011, 2016 என்று மூன்று சட்டமன்றத் தேர்தலுக்கு வேட்புமனு டைப் அடித்துக் கொடுத்திருக்கிறேன். பெரிய கட்சிக்காரர்கள் என் கடைக்கு வரமாட்டார்கள், அவர்களுக்கு வக்கீல்களே இருக்கிறார்கள். எனக்கு வருவதெல்லாம் சுயேச்சைகள். அண்ணாச்சி போக்குவரத்துக் கழகத்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் குளத்துக்கு வரும் வாய்க்கால் தூர்ந்து போய்விட்டது. அதற்காக மனு மேல் மனு கொடுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் தானே நிற்பது என்று முடிவு செய்தவர்.

கொரோனா வந்த பிறகு, 2020 ஆகஸ்ட் 21 அன்று தேர்தல் ஆணையம் ஒரு வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. பீகார் சட்டமன்றத் தேர்தலில் முதலில் நடைமுறைக்கு வந்து, 2021இல் நம்மிடம் வந்தது. வேட்புமனுவை ‘சுவிதா’ என்ற இணையதளத்தில் நிரப்பலாம். பிரமாணப் பத்திரத்தையும் அங்கேயே நிரப்பலாம். டெபாசிட்டை இணையத்தில் கட்டலாம், விருப்பமில்லாவிட்டால் பழையபடி ரொக்கமாகக் கட்டலாம். எந்த நேரம் காலியாக இருக்கிறது என்று பார்த்து அலுவலகத்துக்குப் போகும் நேரத்தை முன்கூட்டியே வைத்துக்கொள்ளலாம். மனு கொடுக்கப் போகும்போது வேட்பாளருடன் இரண்டு பேர், இரண்டு வண்டி, அவ்வளவுதான். முன்பு வேட்பாளரையும் சேர்த்து ஐந்து பேர், மூன்று வண்டி. எல்லாம் நிரப்பிய பிறகு அச்செடுத்து, பிரமாணப் பத்திரத்தில் நோட்டரி கையெழுத்து வாங்கி, வேட்பாளரோ முன்மொழிந்தவரோ நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அங்கே மட்டும் மாற்றமே இல்லை. காலை 11 முதல் பிற்பகல் 3 வரை என்ற நேரமும் அப்படியே.

முதலில் நல்லதைச் சொல்கிறேன், அது நிறையவே இருக்கிறது.

பிரமாணப் பத்திரம், அதாவது படிவம் 26, சுயேச்சைகளைத் தூங்கவிடாத காகிதம். சொந்த வருமானம் ஐந்து வருடத்துக்கு, மனைவி வருமானம் ஐந்து வருடத்துக்கு, வங்கிக் கணக்கு ஒவ்வொன்றும், நிலம் எந்த சர்வே நம்பர், எப்போது வாங்கியது, என்ன விலைக்கு, இன்றைக்கு என்ன மதிப்பு, கடன், வழக்கு, சமூக வலைத்தளக் கணக்கு வரைக்கும் கேட்பார்கள். ஒரு கட்டத்தைக்கூட வெறுமனே விடக்கூடாது. இல்லாததற்கு ‘இல்லை’ என்று எழுதியே ஆக வேண்டும். 2013 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு, காலிக் கட்டம் விட்டு, அலுவலர் சுட்டிக்காட்டியும் நிரப்பாவிட்டால் மனுவே தள்ளுபடி ஆகலாம். கையால் எழுதிய காலத்தில் ஒருவருக்கு நான் இந்தப் பத்திரத்தை நான்கு முறை முதலிலிருந்து எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு எண் மாறும், அடித்துத் திருத்தினால் ஒவ்வொரு அடித்தலுக்கும் பக்கத்தில் கையெழுத்து.

திரையில் நிரப்பும்போது அந்தப் பாடு இல்லை. அண்ணாச்சியின் வீட்டம்மாவிடம் இருக்கும் நகையை அவர் பவுனில் சொல்ல, நான் எட்டால் பெருக்கிக் கிராமில் போட்டேன். “ஒம்பதரைப் பவுன்” என்றவர், ராத்திரி எட்டு மணிக்கு ஃபோன் செய்து, “அரைப் பவுன் அடகுல இருக்கு தாயி, அதைச் சேக்கணுமா?” என்று கேட்டார். அடகில் இருந்தாலும் நகை அவர்களுடையது, சேர்க்கத்தான் வேண்டும், அந்தக் கடனையும் கடன் பக்கத்தில் காட்ட வேண்டும் என்றேன். மறுநாள் காலையில் அந்த இரண்டு இடத்தை மட்டும் மாற்றினேன். பழைய காலமாக இருந்தால் எல்லாப் பக்கமும் போயிருக்கும். முப்பத்தொரு வருடம் டிக்கெட் கிழித்துக் கணக்கு ஒப்படைத்த மனிதர். ஒரு அரைப் பவுனுக்காக அவர் இரவில் உட்கார்ந்து யோசித்ததைப் பார்த்தபோது, இந்தப் பத்திரத்தை இவ்வளவு மதிப்பவர்களுக்கு அதை எளிதாக்கிக் கொடுத்தது நியாயமான காரியம் என்று பட்டது.

ஓடிபி அண்ணாச்சியின் எண்ணுக்கு வரும். ஃபோனோ மகள் கையில், மகள் பாளையங்கோட்டையில். முதல் நாள் பாதிப் பொழுது அதிலேயே போனது. பதிவு செய்யப்போகும் எண் உள்ள ஃபோனை வேட்பாளர் தன் கையிலேயே வைத்துக்கொள்வது நல்லது.

நேரம் முன்பதிவு செய்யும் வசதிக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். 2016இல் கடைசி நாளன்று அலுவலக வாசலில் நான் பார்த்த கூட்டத்தைக் கொரோனா காலத்தில் நினைத்தாலே நெஞ்சு படபடக்கிறது. 2021இல் மனுத் தாக்கல் மார்ச் 12 முதல் 19 வரை. நடுவில் சனி, ஞாயிறு போக ஆறே நாள். எங்களுக்கு 17ஆம் தேதி, புதன்கிழமை பகல் 12 மணி கிடைத்தது. அந்த நேரத்துக்குப் போனோம், அந்த நேரத்துக்கே உள்ளே கூப்பிட்டார்கள். டெபாசிட் பத்தாயிரத்தை அண்ணாச்சி ரொக்கமாகவே கட்டினார். பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளருக்கு ஐயாயிரம். இணையத்தில் கட்டலாம் என்று சொல்லிப் பார்த்தேன். “பணத்தைக் கையால கொடுத்து ரசீது வாங்குனாத்தான் எனக்குத் திருப்தி” என்றுவிட்டார்.

இனி மீதிப் பாதி.

அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு முன்மொழிய ஒரே ஒரு வாக்காளர் போதும். சுயேச்சைக்கும், பதிவு மட்டும் செய்து அங்கீகாரம் பெறாத கட்சிக்காரருக்கும் பத்துப் பேர் வேண்டும். பத்துப் பேரும் அதே தொகுதியின் வாக்காளர்கள். மனுப் படிவம் 2பியில் இதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது: வரிசை எண், பட்டியலின் பாகம் எண், பாகத்தில் தொடர் எண், முழுப்பெயர், கையெழுத்து, தேதி. பெயரையும் எண்ணையும் திரையில் நிரப்பிவிடலாம். கையெழுத்துக் கட்டம் காலியாகத்தான் அச்சாகி வரும். அதைப் பேனாவால்தான் நிரப்ப வேண்டும், பத்துப் பேர் கையாலும்.

இந்தப் பத்துக்குக் காரணமானது நம் மாநிலம்தான் என்று சொன்னால் தப்பில்லை. 1996இல் மொடக்குறிச்சித் தொகுதியில் விவசாயிகள் தங்கள் கோரிக்கைக்காகக் கூட்டங்கூட்டமாக மனுப் போட்டு, 1,033 பேர் களத்தில் நின்றார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகம் மாதிரி அச்சடிக்க வேண்டியதாயிற்று. அதே வருடம் தெலங்கானாப் பக்கம் நல்கொண்டா மக்களவைத் தொகுதியில் 480 பேர். அந்த ஆண்டே மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தைத் திருத்தி, சுயேச்சைக்குப் பத்து முன்மொழிபவர், சட்டமன்ற டெபாசிட் 250 ரூபாயிலிருந்து 5,000 என்று ஆக்கினார்கள். பிறகு அது 10,000 ஆனது. நியாயம் இருந்த திருத்தம்தான். அப்படியும் 2021இல் கரூரில் 77 பேர் நின்றார்கள், வாக்குச்சாவடிக்கு ஐந்து இயந்திரம் வரிசையாக வைக்க வேண்டியிருந்தது. ஆக, பத்துக் கையெழுத்து ஆள் சேர்க்க முடிந்தவனைத் தடுப்பதில்லை. ஆள் சேர்க்க முடியாத நோய்க் காலத்தில் யாரைத் தடுக்கிறது என்பதுதான் கேள்வி.

எங்களுக்கு இரண்டு நாள் இருந்தது. பதினேழு வீடு ஏறி இறங்கினோம். அண்ணாச்சிக்குக் கையெழுத்துப் போட ஊரே தயார் என்று நான் நினைத்திருந்தேன். மனம் தயார்தான், ஆனால் முந்தைய ஆண்டு பயம் யாருக்கும் போகவில்லை. ஒரு வீட்டில் வாசல் கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டு, “தாளை உள்ளே தராதீங்க, இப்படியே கம்பி வழியா நீட்டுங்க” என்றார்கள். இன்னொரு வீட்டில் சித்தப்பா முறை வேண்டியவர், “நான் ஆஸ்பத்திரில கிடந்து வந்தவன்யா, என்னைய விட்டுரு” என்று கைகூப்பினார். அவரிடம் எப்படி வற்புறுத்துவது? ஒருவர் போட்ட பேனாவை இன்னொருவர் தொடாதபடி, மூன்று ரூபாய்ப் பேனா ஒரு டஜன் வாங்கி, போட்டவருக்கே அந்தப் பேனாவைக் கொடுத்துவிட்டோம். வேறு யாராவது போட்டுக் கொடுத்தால் போதாதா என்று ஒருவர் கேட்டார். 2017 டிசம்பரில் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலில் நடிகர் விஷாலின் மனு எதனால் தள்ளுபடி ஆனது என்று நினைவுபடுத்தினேன். முன்மொழிந்தவர்களில் இருவர், அந்தக் கையெழுத்து தங்களுடையது இல்லை என்றார்கள். அத்தோடு மனு போனது. கையெழுத்து அசலாக இருக்க வேண்டும், அதில் சமாதானமே கிடையாது.

செவ்வாய் சாயங்காலம் எண்ணிப் பார்த்தால் ஒன்பது. பத்தாவது ஆள் குளத்தங்கரை ஆச்சி. வயது எழுபதுக்கு மேல், கைநாட்டு.

கைநாட்டில் ஒரு விஷயம் இருக்கிறது. கையெழுத்துப் போடத் தெரிந்தவர் வீட்டில் இருந்தே போட்டுக் கொடுக்கலாம், அலுவலகத்துக்கு வர வேண்டியதே இல்லை. கைநாட்டு வைப்பவர் தேர்தல் நடத்தும் அலுவலர் முன்னாலோ, ஆணையம் அதற்கெனக் குறிப்பிட்ட வேறொரு அலுவலர் முன்னாலோ வைத்து, அவர் சான்று செய்ய வேண்டும். 1961ஆம் ஆண்டு தேர்தல் நடத்தை விதிகளில் இருப்பது இது. ஆக ஆச்சியை அழைத்துக்கொண்டு போனோம், பதினெட்டு கிலோமீட்டர், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு வாடகைக் காரில். ஆச்சி சேலைத் தலைப்பையே முகத்தில் சுற்றியிருந்தார், அதற்கு மேலே நான் ஒரு மாஸ்க்கைப் போட்டுவிட்டேன்.

வேட்பாளருடன் இரண்டு பேருக்குத்தான் அனுமதி. ஒருவர் ஆச்சி. இன்னொருவர் நான், காகிதம் எது எங்கே இருக்கிறது என்பது எனக்குத்தான் தெரியும். எங்களுக்காகச் சம்பளம் வாங்காமல் வந்த வக்கீல் தம்பி ரோட்டோர வேப்பமரத்தடியில் நின்றார். வாசலில் எல்லோர் கையிலும் சானிட்டைசர் ஊற்றினார்கள். உள்ளே போனதும் மேசையில் மை ஒற்றும் டப்பா. ஆச்சியின் கட்டைவிரலை அலுவலக உதவியாளர் ஒருவர் மையில் அழுத்தி, கட்டத்தில் வைக்கச் சொன்னார். வைத்தால், ரேகையே இல்லை. சானிட்டைசர் ஈரத்தில் மை கரைந்து, ஊதா நிறத்தில் ஒரு குளம் மாதிரிப் பரவி, மேலே இருந்த பெயர்மேல் ஏறிவிட்டது. ஆச்சி பயந்து கையை இழுத்துக்கொண்டார். “நான் கெடுத்துட்டேனா?” என்று என்னைப் பார்த்துக் கேட்ட குரல் இப்போதும் காதில் இருக்கிறது.

கெடவில்லை. ஒரு வேட்பாளர் நான்கு மனு வரைக்கும் கொடுக்கலாம் என்பதால் இரண்டாவது படி ஒன்று தயாராக, மற்ற ஒன்பது பேர் கையெழுத்துடன் என் ஃபைலில் இருந்தது. பழைய பழக்கம் அது. ஆச்சியின் விரலை என் துப்பட்டாவால் துடைத்து, ஊதிக் காயவைத்து, இரண்டு நிமிடம் பொறுத்து, மெதுவாக உருட்டி வைத்தோம். இந்த முறை கோடு கோடாக விழுந்தது. நாற்று நட்டு, களை பறித்துத் தேய்ந்த விரல், நடுவில் மட்டும் ரேகை அழிந்து வெள்ளையாகத் தெரிந்தது. அந்த அலுவலர் பொறுமையாக இருந்தார், அவசரப்படுத்தவில்லை. சான்று செய்து கையெழுத்துப் போட்டார். அவருக்கு அதற்காக ஒரு கும்பிடு.

ஆனால் யோசித்துப் பாருங்கள். எங்கள் பத்துப் பேரில் கைநாட்டு ஒருவர்தான். இரண்டு பேர் இருந்திருந்தால் நான் வெளியே நின்றிருப்பேன். மூன்று பேர் என்றால் தனியாக அனுமதி கேட்டு நிற்க வேண்டும். கூலி வேலை செய்பவர்களை நம்பி ஒருவர் தேர்தலில் நின்றால் அவருக்கு முன்மொழிபவர்களில் கைநாட்டு மூன்று நான்கு வருவது எங்கள் பக்கம் சாதாரணம். கூட்டத்தைக் குறைக்கப் போட்ட விதியும், கைநாட்டை நேரில் வைக்கச் சொல்லும் விதியும் தனித்தனியாகச் சரியானவை. இரண்டும் ஒரே வாசலில் முட்டிக்கொள்ளும் என்பதை யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை என்றே நினைக்கிறேன்.

இதே கொரோனா நேரத்தில் அமெரிக்காவில் என்ன செய்தார்கள் என்று பிற்பாடு படித்தேன். அங்கே வேட்பாளராக நிற்க நூறு, ஆயிரம் என்று வாக்காளர்களிடம் கையெழுத்து வாங்க வேண்டும். நியூயார்க் ஆளுநர் 2020 மார்ச் 14 அன்றே உத்தரவு போட்டு, வேண்டிய கையெழுத்தை 30 சதவீதமாகக் குறைத்து, வீடு வீடாகப் போவதை மார்ச் 17உடன் நிறுத்திவிட்டார். மாசசூசெட்ஸில் உச்ச நீதிமன்றம் ஏப்ரல் 17இல் எண்ணிக்கையைப் பாதியாக்கியது. செனட்டுக்கு 10,000 கையெழுத்து என்பது 5,000 ஆனது, மின்னணுக் கையெழுத்தும் செல்லும் என்றது. நியூஜெர்சி இணையத்தில் கையெழுத்து வாங்க ஏற்பாடு செய்தது. வெர்மான்ட், கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க அந்த வருடம் நடத்திய முதற்கட்டத் தேர்தலுக்குக் கையெழுத்தே வேண்டாம் என்றுவிட்டது. வேட்பாளர் தெருவில் இறங்கி ஆட்களைத் தொட்டுப் பேச வேண்டிய வேலை எதுவோ, அவர்கள் கை வைத்தது நேராக அதன்மேல்.

பத்துப் பேர் என்பது நம்மிடம் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தில் இருக்கிறது, ஆணையம் ஒரு சுற்றறிக்கையால் அதை ஐந்தாக்க முடியாது. ஆகஸ்ட் நெறிமுறையிலேயே, மனுத் தாக்கலின் எல்லாப் படிகளும் 1951 சட்டப்படியே நடக்கும் என்று எழுதியிருக்கிறார்கள். அதைப் புரிந்துகொள்கிறேன். சட்டத்தைத் திருத்துவது மத்திய அரசின் பொறுப்பு, அவசரச் சட்டத்துக்கு நேரமும் இருந்தது, செய்யவில்லை. ஆனால் கைநாட்டு விஷயம் அப்படி இல்லை. “ஆணையம் குறிப்பிடும் வேறு அலுவலர்” என்று விதியிலேயே வழி இருக்கிறது. ஒவ்வொரு ஊரிலும் கிராம நிர்வாக அலுவலர் இருக்கிறார். ஒரு வரி உத்தரவு, “இவர் முன் கைநாட்டு வைத்தால் செல்லும்” என்று. ஆச்சி தெருமுனை வரை நடந்துபோய் வைத்துவிட்டு வந்திருப்பார். கொரோனாவுக்காக வாக்குச்சாவடிக்கு ஆயிரம் பேர் என்று வரம்பு வைத்து, தமிழ்நாட்டில் 66,007ஆக இருந்த வாக்குச்சாவடிகளை 88,937 ஆக்கிக் காட்டியவர்கள் அவர்கள். ஓட்டுப் போட வருபவர்களுக்கு அவ்வளவு பெரிய காரியம் செய்ய முடிந்தவர்களுக்கு, முன்மொழிய வருபவர்களுக்காக இந்தச் சின்னக் காரியம் முடியாததல்ல.

சரி, மதிப்பெண். பிரமாணப் பத்திரத்துக்கும் நேர ஒதுக்கீட்டுக்கும் ஐந்துக்கு நாலரை மனமாரத் தருவேன். கட்சி வேட்பாளர் ஒருவர் கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு இதையே பயன்படுத்துங்கள் என்பேன். சுயேச்சைக்கு மொத்தமாக மூன்று. அவருடைய பெரிய சுமை இணையதளத்துக்கு வெளியே, தெருவில் இருக்கிறது.

அண்ணாச்சியின் மனு 20ஆம் தேதி பரிசீலனையில் ஏற்கப்பட்டது. ஏப்ரல் 6 வாக்குப்பதிவு, மே 2 எண்ணிக்கை, டெபாசிட் போனது. அவர் அதற்கு வருத்தப்படவில்லை. வாய்க்கால் விஷயத்தை ஒலிபெருக்கியில் பதினைந்து நாள் பேசக் கிடைத்ததே என்றார். பத்துப் பேரில் ஒருவர், கம்பி வழியாகக் கையெழுத்துப் போட்டவர், மே மாதக் கடைசியில் இரண்டாம் அலையில் இறந்துபோனார். அவருக்குக் கொடுத்த பேனா வீட்டில் எங்கோ கிடக்கும்.

மனு கொடுக்க உள்ளே போகும் ஆட்கள் எண்ணிக்கை, வேட்பாளரையும் சேர்த்து, பழையபடி ஐந்தாகிவிட்டது. இணைய வசதி மட்டும் நிலைத்து நிற்கிறது. ஆன்லைனில் மனுப் போட வேண்டும் என்று என் கடைக்கு யார் வந்தாலும், கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்கிறேன்: “ஒங்க பத்துப் பேர்ல கைநாட்டு எத்தனை பேர்?”